நடமாடும் இல்லறம்

மே மாதத்துக் குளிர் மெல்பர்ன், அடிலெய்டு பக்கத்தில் எலும்பைத் தொடத் தொடங்கியதும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர் வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பெரிய மோட்டாரின் பின்னால் கேரவனை இணைத்துக்கொண்டு, வெயில் காயும் வடதிசையை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இவர்களை ‘நரை நாடோடிகள்’ என்று பரிகாசமும் பிரியமும் கலந்து அழைப்பது வழக்கம். வடபகுதியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ஆறுகள் சாலையை மூடிக்கொண்டு ஓடும். அதன் பிறகு அக்டோபர் வரையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஆகவே இவர்களுடைய பஞ்சாங்கம் மழையை ஒட்டியே அமைகிறது. அத்தேசத்தின் கரையோரமாகவே சுற்றிவரும் முதலாம் எண் நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். அதை ஒரே வருஷத்தில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு, முடிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் பல வருஷங்களாகச் சுற்றிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

இதை வானப்பிரஸ்தம் என்று சொல்லிவிடலாமே என்று வாசகர்களில் சிலருக்குத் தோன்றக்கூடும். குளிர்சாதனப் பெட்டியும், மெத்தையும், கூரைமேல் சோலார் தகடுகளும், காலையில் நுரை பொங்கக் காப்பி இறக்கிக் கொடுக்கும் யந்திரமும் உடன்வரும் ஒரு பிரயாணத்துக்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. இவர்கள் இல்லறத்தைத் துறந்தவர்கள் அல்லர். அதற்குச் சக்கரம் பூட்டியவர்கள். ஆயினும், துறவிகளுக்கு விதிக்கப்பட்ட நியமங்களில் சில, கேட்பாரில்லாமலேயே இவர்கள் வாழ்க்கையில் வந்து சேர்ந்துவிடுகின்றன என்பதை, நல்லார்பார் சமவெளியின் ஓரத்தில் ஒரு முகாமில் தங்கியிருந்தபோது பக்கத்துக் கேரவனில் இருந்த தம்பதிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கணவர் மின்சார இலாகாவில் வேலை பார்த்தவர். மனைவி பள்ளி ஆசிரியை. அந்த அம்மாள் பாத்திரம் துலக்கிய முறையை நான் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்ட தட்டைக் காகிதத்தால் சுத்தமாக வழித்துத் துடைத்துவிட்டு, தெளிப்பான் புட்டியிலிருந்து இரண்டு பீச்சல் சோப்புநீர் விட்டு, துணியால் தேய்த்து, மூன்றாவது பீச்சலில் அலசி முடித்தார். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் செலவாகியிருக்காது. கேரவனின் அடியில் உள்ள தொட்டிகளில் 150 அல்லது 200 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். அடுத்த குழாய் எங்கே என்பது நிச்சயமில்லாத பிரதேசத்தில், ஸ்நானமே உடம்பை நனைத்துக் குழாயை மூடி, சோப்புப் போட்டு மறுபடி திறக்கும் இரண்டு நிமிஷ வைபவமாகச் சுருங்கிவிடுகிறது. “வீட்டில் இருந்தபோது தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் விட்டோம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது” என்றார் அந்த அம்மாள்.

நல்லார்பார் என்பது மரமே இல்லாத சுண்ணாம்புக்கல் சமவெளி. 1841-இல் எட்வர்ட் ஜான் அயர் என்பவர் வைலி என்ற பழங்குடி இளைஞனின் துணையோடு, தாகத்தால் சாகும் நிலைக்கு வந்து, இதன் தென்கரை வழியாக மேற்கே போய்ச் சேர்ந்தார். அவர் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலை முழுவதற்கும் தார் போட்டு முடித்தது 1976-இல்தான். அதில் பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலை இம்மியும் வளைவதில்லை. ஆங்காங்கே தார்ச்சாலையின் மீதே வெள்ளைக் கோடுகள் இழுத்து விமான ஓடுபாதையாகக் குறித்திருக்கிறார்கள். யாருக்காவது மாரடைப்போ விபத்தோ நேர்ந்தால், 1928-இல் ஜான் பிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவையின் விமானம் அங்கேயே இறங்கும். எழுபது பிராயத்தில் இவ்வழியே போகிறவர்களுக்கு அந்தக் கோடுகள் அளிக்கும் தைரியம் கொஞ்சமல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையில் இன்னொரு வேடிக்கை: பழ ஈயும் தாவர வியாதிகளும் நுழைந்துவிடக் கூடாதென்று, சோதனைச் சாவடியில் பழம், பச்சைக் காய்கறி, தேன் முதலியவற்றைப் பறித்துக்கொள்வார்கள். ஆகவே முந்தின இரவு எல்லாக் கேரவன்களிலும் எஞ்சிய காய்கள் அத்தனையும் ஒரே பானையில் சூப்பாகக் கொதிக்கும், சமைத்ததற்குத் தடையில்லை.

பொழுது சாயும் வேளையில் இவர்கள் வண்டி ஓட்டமாட்டார்கள். கங்காருக்கள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் நேரம் அது. எதிரே ஐம்பது மீட்டருக்கு மேல் நீண்டு, மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும் ‘ரோடு டிரெயின்’ லாரிகளும் சடக்கென்று நிற்க மாட்டா. நாலு மணிக்கே இடம் பார்த்து நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவது லேசான காரியம் அன்று. பின்னோக்கிப் போகும்போது, மோட்டாரைத் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கேரவன் திரும்பும் சுபாவமுடையதாகையால், மனைவி பின்னால் நின்று கையசைத்து வழிகாட்ட, கணவர் அதை வேறுவிதமாக அர்த்தம் செய்துகொள்ள, நாற்பது வருஷ தாம்பத்தியமும் பத்து நிமிஷம் பரீட்சைக்கு உள்ளாவதை முகாம் முழுவதும் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும். பிறகு பார்த்தவர்களே அவர்களையும் அழைத்து உட்காரவைத்து, ஆளுக்கொரு கோப்பையை நீட்டி, எந்த ரோடுஹவுஸில் பெட்ரோல் என்ன விலை, எந்தப் பாதையில் குழி, எவருக்கு முழங்கால் சிகிச்சை நடந்தது என்று இருட்டும் வரையில் சம்பாஷிப்பார்கள்.

இப்படிக் கட்டணமில்லாமல் தங்கும் இடங்களே இவர்களுக்கு ஜீவாதாரம். கேரவன் பூங்காக்களில் இரவுக்கு இரவு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது, வருமானமோ ஓய்வூதியம். மேற்கு ஆஸ்திரேலியாவில் சாலையோர ஓய்விடங்கள் பலவற்றில் 24 மணி நேரம் வரை தங்கலாம். ஆனால் ஊர்களை அடுத்த கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் ‘இரவில் தங்கக் கூடாது’ என்ற பலகைகள் பெருகிவருகின்றன. கேரவன் பூங்கா நடத்துகிறவர்கள் தங்கள் வியாபாரம் கெடுகிறதென்று முறையிடுகிறார்கள். அவர்கள் வரி கட்டுகிறவர்களாகையால் அதில் நியாயம் இல்லாமலில்லை. அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு புதர் மறைவில் சிலர் விட்டுச்செல்லும் அசுத்தமும் காற்றில் பறக்கும் காகிதமும்தான். அந்த மின்சார இலாகாக்காரர் மறுநாள் காலை செய்த முதல் வேலை, கழிப்பறையின் அடியிலிருந்து கழிவுப்பெட்டியை உருவியெடுத்து மூடியை இறுக்கிப் பார்த்ததுதான். வழியில் கழிவு கொட்டுவதற்கென்று அமைத்த இடம் வரும் வரையில் அதைச் சுமந்துகொண்டே போவார். அந்தக் காரியத்தைச் செய்ய அருவருப்படைகிறவருக்கு இந்தப் பிரயாணம் ஏற்றதன்று.

இவர்கள் தங்கும் பூமிக்கு இவர்களுக்கு முன்பே உரியவர்கள் உண்டு என்பதையும் மறக்கலாகாது. டென்னன்ட் கிரீக்கிற்குத் தெற்கே, கார்லு கார்லு என்னும் இடத்தில் பிரம்மாண்டமான உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கேரவன்காரர்கள் சொற்பக் கட்டணம் செலுத்தி அங்கே இரவைக் கழிப்பார்கள். பறக்கும் வைத்தியர் சேவையை நிறுவிய பிளினின் சமாதிக்கென்று, 1950-களில் அங்கிருந்து ஒரு பாறையை எவரையும் கேளாமல் எடுத்துக்கொண்டு போய் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே வைத்துவிட்டார்கள். அது பழங்குடிப் பெண்களுக்குப் புனிதமான கல். நீண்டகாலம் அவர்கள் வற்புறுத்திய பிறகு, 1999-இல் அது பழைய இடத்துக்குத் திரும்பிற்று. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியின் அரெர்ண்ட மக்கள் சமாதிக்கு வேறொரு கல்லை மனமுவந்து கொடுத்தார்கள். பழங்குடி நிலங்களின் வழியே செல்லும் சாலைகள் பலவற்றுக்கு இன்றும் முன்னதாக அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். அதைத் தொந்தரவு என்று முணுமுணுக்கும் பிரயாணிகளிடம் எனக்கு அனுதாபம் இல்லை.

பலகை நடும் நகரசபைகளிடமும் எனக்கு முழு அனுதாபம் இல்லை. கேரவன் சங்கம் ஒன்று, குறைந்த செலவில் ஓரிரு நாள் தங்க இடமும், குடிநீர்க் குழாயும், கழிவு கொட்டும் வசதியும் செய்துகொடுக்கும் ஊர்களைத் தன் அங்கத்தினர்களுக்கு ஏற்ற ஊர்கள் என்று அறிவித்து ஊக்குவிக்கிறது. அப்படிப்பட்ட சிற்றூர்களில் வந்து நிற்கிறவர்கள் ரொட்டிக் கடையிலும், மருந்துக் கடையிலும், பெட்ரோல் நிலையத்திலும் தாராளமாகப் பணம் செலவழிக்கிறார்கள். ஆகையால், மற்ற நகரசபைகள் முதலில் ஒரு குழாயையும் கழிவுத் தொட்டியையும் அமைக்கட்டும். அதன் பிறகும் புதரை நாசம் செய்கிறவர்களுக்குத் தயவுதாட்சண்யமின்றி அபராதம் போடட்டும்.