சொல்லாத அறிவு



நம் மூளை இரு பாதிகளால் ஆனது. அவற்றை இணைப்பது 'கார்ப்பஸ் கலோசம்' எனும் வெண்ணிற நரம்புக் கற்றை. அதிலுள்ள ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள், ஒரு பாதி அறிந்ததைக் கண்ணிமைக்கும் பொழுதில் மறுபாதிக்கு உரைக்கின்றன.

மருந்துக்கு அடங்காத வலிப்பு மறுபாதிக்குப் பரவாதிருக்க, 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் நோயாளிகள் சிலருக்கு இக்கற்றையை அறுத்தனர். வலிப்பு தணிந்தது, நடையிலும் பேச்சிலும் அவர்கள் இயல்பாகவே காணப்பட்டனர். ஆயினும், ரோஜர் ஸ்பெரி என்ற அறிஞரும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தபோது விந்தையொன்று வெளிப்பட்டது. பார்வையின் இடப்புறத்தில் கணப்பொழுது காட்டப்படும் பொருள், மூளையின் வலப்பாதியை மட்டுமே சென்றடையும். "என்ன கண்டீர்?" என வினவினால், பேச்சை ஆளும் இடப்பாதி, "ஒன்றுமில்லை" என்னும். இடக்கையோ, திரைக்குப் பின்னுள்ள பொருள்களைத் தடவி, அதே பொருளை எடுத்துவிடும்! இவ்வாய்வுகளுக்காக ஸ்பெரி 1981-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

வாய் பொய்யுரைக்கவில்லை, செய்திதான் அதனிடம் வந்து சேரவில்லை. ஆம், அறிவு வேறு, அதைச் சொல்லும் ஆற்றல் வேறு. பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர் நம் இல்லத்தில் இருக்கக்கூடும். அவர் ஒன்றும் அறியார் என முடிவுகட்ட வேண்டாம். அவர்முன் எண்ணிப் பேசுவோம். கையைப் பற்றிக்கொண்டு, விடைக்காகப் பொறுத்திருப்போம்.