16-ஆம் தேதி ஒரு மெசேஜ் வரட்டும்

ஆஃபர் லெட்டர் கையில வந்ததும் சிடிசி எவ்வளவுன்னுதான் முதல்ல பார்க்கிறோம். பிஎஃப் வரியைத் தாண்டிப் போயிடுறோம். அங்கேயும் கொஞ்சம் நில்லுங்க.

அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 12% நம்மிடம் பிடிக்கிறார்கள். கம்பெனியும் 12% போட வேண்டும். இரண்டையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாகணும். முன்பு இருந்த 5 நாள் சலுகையும் 2016-இல் போய்விட்டது. தாமதித்தால் ஆண்டுக்கு 12% வட்டி, அபராதம் தனி. தொழிலாளியிடம் பிடித்ததைத் தேதி தவறிக் கட்டினால் கம்பெனிக்கு வருமான வரிக் கழிவும் கிடையாது என்று 2022 அக்டோபரில், செக்மேட் சர்வீசஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் எளிது: அது கம்பெனியின் பணமே இல்லை.

சட்டம் சரி. ஆனா பணம் கட்டலைன்னு நமக்கு யார் சொல்றது? கல்வராயன் மலையிலிருந்து திருப்பூர் மில்லுக்குப் போகும் ஓர் அண்ணனுக்குச் சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரியும். அது கணக்கில் ஏறியதா என்று தெரியாது. பாஸ்புக் பார்க்க யுஏஎன், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் வேணும்.

பணம் வரலைன்னா 16-ஆம் தேதியே பிஎஃப் ஆபீஸ் தொழிலாளியின் போனுக்குத் தமிழில் மெசேஜ் அனுப்பணும். பிந்திய பணத்துக்கு வட்டி கணக்குப் போடத் தெரிந்த சிஸ்டத்துக்கு இது பெரிய வேலையா?

அதுவரை மாசம் ஒருமுறை பாஸ்புக்கைப் பாருங்க. கள்ளக்குறிச்சிக்கு லீவுல போனா, வேலைக்குப் போற அக்கா, அண்ணனுக்கும் பார்த்துச் சொல்லுங்க.