அந்த நான்காவது ஆள் என்ன ஆனார்?

“விஷவாயு தாக்கி மூவர் பலி, ஒருவருக்குத் தீவிர சிகிச்சை.” ஊர்ப் பெயர் மட்டும் மாறி ஆண்டு முழுக்க நாம் படிக்கும் செய்தி இது. இறந்த மூவருக்காகத் தெருவில் இறங்குகிறோம், இறங்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நான்காவது ஆள் வீடு திரும்பிய பிறகு என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. நான் அவரைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

மலக்குழியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. நாற்றம் வந்ததும் மேலே ஏறிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு இந்த வாயு கலந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிடும், வாயு நிற்காது. அளவு 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதியை இந்த வாயு முடக்குகிறது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளைதான் ஆக்சிஜனில் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. அதனால் முதல் அடி மூளைக்கு.

பிழைத்தவர்களில் பலருக்கு மறதி, தலைவலி, கைநடுக்கம், தள்ளாட்டம், மனச்சோர்வு எனப் பாதிப்புகள் நீடிப்பது மருத்துவ உலகம் அறிந்ததே. அடிபட்ட மூளையில் மைக்ரோகிளியா எனும் காவல் செல்கள் விழித்துக்கொள்கின்றன. சேதத்தை அகற்ற வந்த அவை அடங்காமல் போனால், அந்த அழற்சி நல்ல நரம்பு செல்களையும் அரிக்கும். வாயு வெளியேறிய பிறகும் சேதம் தொடர்வதை விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

இங்கேதான் சாதி இரண்டாம் முறை வேலை செய்கிறது. ஓர் அதிகாரிக்குக் கை நடுங்கினால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவார்கள். தூய்மைப் பணியாளருக்கு நடுங்கினால் “குடிகாரன்” என்பார்கள். அவருடைய மறதிக்குப் பெயர் மந்தம், சோர்வுக்குப் பெயர் சோம்பல். நோய் குணக்கேடாகிவிட்டால் இழப்பீடு கேட்க வழியில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்றதோடு, நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் என்றும் சொன்னது. மூளைச் சேதம் ஊனமில்லையா? ஊனம்தான். ஆனால் மறதி எக்ஸ்ரேயில் தெரியாது. ஒப்பந்தக்காரர் இறக்கிவிட்டவருக்குக் குழியில் இறங்கியதற்கே பதிவு இருக்காது.

இயந்திரங்கள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இயந்திரம் நாளை இறங்கவேண்டியவரைக் காக்கும். நேற்று இறங்கியவரின் மூளையை அது மீட்காது. எனவே, உயிரோடு மீட்கப்படும் ஒவ்வொருவரின் மருத்துவமனைச் சீட்டிலும் விஷவாயுப் பாதிப்பு என்று எழுதப்பட வேண்டும். நினைவாற்றல், நரம்புப் பரிசோதனைகள் உடனேயும், ஆறு மாதத்திலும், ஓராண்டிலும் அரசு செலவில் நடக்க வேண்டும். பாதிப்பு வாயுவால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலைக்கு இறக்கியவருடையதாக வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மலக்குழி மரணங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் தோழர்களே, அடுத்த மனுவில் இன்னொரு கேள்வியையும் சேருங்கள்: பிழைத்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு மூளைப் பரிசோதனை நடந்தது?