படம் முடிந்த பிறகு

தீவிரவாதிகளைத் தேடிப் பிடிக்கும் நடவடிக்கைகளைக் கதையாகக் கொண்ட இந்திப் படங்கள் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றன. ஆட்டம் பாட்டத்தைக் குறைத்து, நடந்ததை நடந்தபடி சொல்வது போல் அவை எடுக்கப்படுகின்றன. மக்களும் விரும்பிப் பார்க்கிறார்கள். உயிரைப் பணயம் வைத்துக் கடமையாற்றுவோரின் உழைப்பைக் காட்டுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் உண்மைச் சம்பவம் என்று சொல்லி அனுமதிச் சீட்டு விற்கும் படத்துக்கு, அந்த உண்மையை முழுமையாகச் சொல்லும் கடமையும் உண்டு.

ஷூஜித் சர்க்கார் இயக்கிய 'மெட்ராஸ் கபே' 2013 ஆகஸ்டில் வெளிவந்தது. ராஜீவ் காந்தி படுகொலையைத் தழுவி, பெயர்களை மாற்றி, கற்பனையான உளவுத்துறை அதிகாரி ஒருவரைக் கதாநாயகனாக்கிய படம் அது. எதிர்ப்புக் கிளம்பியதால் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அது திரையிடப்படவில்லை. அதே வழக்கின் புலன்விசாரணை 2025-ல் 'தி ஹண்ட்' என்ற இந்தித் தொடராகவும் வந்துவிட்டது.

சாம்பியன் ரீப்ஸ் மக்களுக்கு இது எங்கோ நடந்த கதை அல்ல. அந்தத் தேடுதல் வேட்டை முடிந்த இடம் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரின் தென்புறத்தில் உள்ள கோணனகுண்டே. சயனைடு என்ற சொல்லும் இவர்களுக்குப் புதிதல்ல. அரைத்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்பட்டது. மிஞ்சிய மண் மலைபோல் குவிந்து இன்றும் சயனைடு மேடாக நிற்கிறது. சுரங்கத் தொழிலில் பழகிய அந்தப் பெயர் 1991-ல் வேறொரு பொருளில் நாடெங்கும் பேசப்பட்டது.

1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது மன்னிக்க முடியாத கொடுமை. முன்னாள் பிரதமருடன் காவலர்களும் பொதுமக்களும் மாண்டனர். டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு குற்றவாளிகளைத் தேடியது. சிவராசன், சுபா உள்ளிட்ட ஏழு பேர் கோணனகுண்டேயில் ஒரு வீட்டில் பதுங்கியிருப்பது ஆகஸ்டில் தெரியவந்தது. வீடு முற்றுகையிடப்பட்டது. உயிருடன் பிடிக்க வேண்டும் என்பதற்காக அதிரடிப் படையினர் உடனே நுழையாமல் காத்திருந்தனர். ஆகஸ்ட் 20 காலையில் உள்ளே புகுந்தபோது ஏழு பேரும் பிணமாகக் கிடந்தனர். இயக்குநர் ஏ.எம்.ஆர். ரமேஷ் இந்த இறுதி நாட்களைக் கன்னடத்தில் 'சயனைடு' என்றும், தமிழில் 'குப்பி' என்றும் படமாக்கினார்.

துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் படம் முடிந்துவிடுகிறது. சட்டத்தின் வேலையோ அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வீடு கொடுத்தவர், சோறு போட்டவர், வழி காட்டியவர் எல்லோரையும் கொலைகாரர் என்று கருதிவிட முடியாது என்பதற்கு இந்தத் தீர்ப்பே சான்று. மேலும் கீழும் விசாரித்து நீதிமன்றம் எட்டு ஆண்டுகளில் கண்ட வேறுபாட்டை, இரண்டரை மணி நேரப் படம் ஒரு முறைப்பான பார்வையில் அழித்துவிடலாமா?

இந்த வேறுபாடு வெளி மாநிலத்தில் பிழைப்பவனுக்கு அன்றாடத் தேவை. சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட பிறகு, மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் காலை ரயிலில் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். கட்டட வேலைக்கும் கம்பெனிக் கணக்கு வேலைக்கும் போகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய தாய்மொழியைத் திரையில் சதிகாரரின் மொழியாக மட்டுமே கேட்கிறவர், அடுத்த நாள் பக்கத்து இருக்கைக்காரரை எந்தக் கண்ணால் பார்ப்பார்? அதே 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். அதற்கும் கோணனகுண்டேக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் இரண்டின்போதும் கதவைச் சாத்திக்கொண்டு அஞ்சியிருந்தவர்கள் எந்தக் குற்றமும் அறியாத அதே மக்கள்தாம்.

இதற்குப் படத்தைத் தடை செய்வது மருந்தாகாது. தடுத்தால் ஆவல் பெருகும். பொய் இருந்தால் அது மறுக்கப்படாமலும் போகும். தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம் வரட்டும். தவறு இருந்தால் ஆதாரத்துடன் எடுத்துச் சொல்லப்படட்டும்.

படம் எடுப்போர் செய்யவேண்டியது அதிகமில்லை. குற்றவாளியின் மொழி தமிழானால், அவனைத் தேடிய அதிகாரிகளிலும், அன்று மாண்ட காவலர்களிலும், கதறி அழுத குடும்பங்களிலும் தமிழர் இருந்தனர் என்பதையும் காட்ட வேண்டும். கற்பனை எது, நடந்தது எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீதிமன்றம் விடுவித்தவர்களை விடுவிக்கப்பட்டவர்களாகவே காட்ட வேண்டும்.

பார்ப்போருக்கும் பொறுப்பு உண்டு. தீவிரவாதிக்கு அவன் செய்த குற்றமே அடையாளம். அவன் பேசிய மொழி அல்ல. இந்த எண்ணத்துடன் தமிழரும் கன்னடரும் அரங்கை விட்டு வெளியே வந்தால்தான், அத்தகைய படங்களால் நாட்டுக்கு நன்மை விளையும்.