மாதத் தவணையோடு மின்செலவையும் எழுதுக

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்போர் வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் பலமுறை கணக்கிட்டுப் பார்க்கின்றனர். ஆயினும் அந்த வீடு ஆண்டுதோறும் எத்தனை யூனிட் மின்சாரம் கேட்கும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணித்து வைப்போர் மிகச் சிலரே. தவணை இருபது ஆண்டுகளில் முடிந்துவிடும். மின்செலவோ வீடு உள்ளவரை தொடரும். எனவே வரைபடத்திற்கு ஒப்புதல் பெறும் நாளிலேயே தவணைத் தொகைக்கு அருகில் மின்செலவையும் எழுதி வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வடக்கு அந்தமானின் திக்லிபூரில் இன்று எழும்பும் புதிய வீடுகளை எடுத்துக்கொள்வோம். குளிர்நாடுகளில் வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டினுள் கொணரும் 'ஹீட் பம்ப்' என்னும் வெப்ப ஏற்றி, இங்கே உள்வெப்பத்தை வெளியே தள்ளும் ஏ.சி.யாகப் பயன்படுகிறது. தத்துவம் ஒன்றே. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு நான்கு யூனிட் வெப்பத்தை இடம் மாற்றினால் அதன் திறன் 4 எனப்படும்.

பலரும் நட்சத்திரக் குறியீட்டில் அச்சிட்டுள்ள ஆண்டு யூனிட்டையே தம் செலவென்று கொள்கின்றனர். அந்த எண் ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. திக்லிபூரில் பருவங்களுக்கிடையே வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. புழுக்கம் ஆண்டின் பெரும்பகுதி நீடிக்கும். இரவுக்கு 9 மணி நேரம், ஆண்டுக்கு 300 இரவுகள் என்றால் 2,700 மணி நேரமாகிறது. குறியீட்டில் 750 யூனிட் என்றிருந்தால், மணிக்கு 0.47 யூனிட் வீதம் உங்கள் கணக்கு ஏறத்தாழ 1,270 யூனிட்டாக உயரும்.

இது முதல் மதிப்பீடு மட்டுமே. இரண்டாவது மதிப்பீட்டை வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். படுக்கையறையில் இரவு முழுவதும் சராசரியாக எவ்வளவு வெப்பம் சேர்கிறது என்று உங்கள் பொறியாளரைக் கேளுங்கள். வெறும் காங்கிரீட் கூரையின் கீழுள்ள அறைக்கு 1.6 கிலோவாட் என்று அவர் கூறினால், அதை 4 என்னும் திறனால் வகுக்க மணிக்கு 0.4 யூனிட், 2,700 மணி நேரத்திற்கு 1,080 யூனிட். கூரைக்கு வெப்பத்தடுப்பு அமைத்து, வெண்பூச்சு பூசி, மேற்குச் சுவருக்கு நிழல் தந்தபின் அதே அறைக்கு 1 கிலோவாட் போதுமெனில் 675 யூனிட்டில் முடியும். யூனிட்டுக்கு 6 ரூபாய் எனக் கொண்டால் ஓர் அறைக்கு ஆண்டொன்றுக்கு 2,430 ரூபாய் மிச்சம். கடன் காலமான இருபது ஆண்டுகளில் 48,600 ரூபாய். உங்கள் கட்டண அட்டையில் உள்ள படிநிலை வீதத்தை இட்டு இதனைத் திருத்திக்கொள்ளலாம்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரைக்கு ஓர் உச்சவரம்பை வகுத்துள்ளது. உள்ளும் புறமும் ஒரு பாகை வெப்ப வேறுபாடு இருக்கையில், சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடத்தப்படலாகாது. வெறும் காங்கிரீட் தளம் இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் கடத்தும். ஒப்பந்ததாரரிடம் இந்த ஒரு வரியைக் காட்டிக் கேட்பது, கூடுதல் நட்சத்திரத்திற்குப் பணம் தருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

தீவுகளில் ஈரப்பதத்திற்கும் தனிக் கணக்கு உண்டு. ஏ.சி.யின் வடிகுழாயில் சொட்டும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் ஏறத்தாழ 0.17 யூனிட் செலவாகிறது. இரவில் 8 லிட்டர் சேர்ந்தால் 1.4 யூனிட் அதற்கே போய்விடும். அறை குளிரூட்டப்படும் வேளையில் சன்னல் இடுக்குகளும் கதவின் அடிப்பகுதியும் நன்கு மூடியிருந்தால் இச்செலவு குறையும். உப்புக்காற்றில் வெளிப்புறச் சுருள்கள் விரைவில் அரிக்கப்பட்டுத் திறன் குறைவதால், அரிப்புத்தடுப்புப் பூச்சுள்ள கருவியைக் கேட்டு வாங்குவதும் நன்று.

வெந்நீருக்கான வெப்ப ஏற்றியைப் பற்றிச் சற்று நிதானம் தேவை. 100 லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 45 பாகைக்கு உயர்த்தச் சாதாரண கீசருக்கு ஏறத்தாழ 2.1 யூனிட் போதும், 3.5 திறனுள்ள வெப்ப ஏற்றிக்கு 0.6 யூனிட். நாள்தோறும் அந்த அளவு பயன்படுத்தினாலும் ஆண்டுச் சேமிப்பு 3,285 ரூபாய்தான். இரண்டுக்கும் விலை வேறுபாடு 40,000 ரூபாய் எனில், அதை மீட்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். விடுதி நடத்துவோருக்கு இது இலாபமாகலாம். வெந்நீரை அரிதாகப் பயன்படுத்தும் திக்லிபூர்க் குடும்பத்திற்கு அத்தொகையைக் கூரைக்குச் செலவிடுவதே சிறப்பு.

இவை சிறு தொகைகள் என்று தோன்றலாம். ஆனால் அந்தமானின் மின்சாரத்தில் பெரும்பகுதி கப்பலில் வந்திறங்கும் டீசலை எரித்தே பெறப்படுகிறது. திக்லிபூருக்கு அருகே கல்போங் ஆற்றில் 2001ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒரு நற்பேறு. எனினும் அதன் உற்பத்தி மழையைச் சார்ந்தது. நாம் செலுத்தும் கட்டணம் உண்மையான உற்பத்திச் செலவைவிட மிகக் குறைவு. எஞ்சியதை அரசு மானியமாக ஏற்கிறது. மானியம் என்றும் இவ்வாறே நிலைக்கும் என்று நம்பி இருபது ஆண்டுக் கடனைத் திட்டமிடுவது விவேகமாகாது.

தேவையைக் குறைத்தபின் கூரைமேல் சூரிய மின் தகடுகளை நாடலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பிரதமர் சூரியவீடு' திட்டம், முதல் 2 கிலோவாட்டுக்கு 60 விழுக்காடும் அடுத்த 1 கிலோவாட்டுக்கு 40 விழுக்காடும் மானியம் அளிக்கிறது. வங்கிகளும் இதற்குக் கடன் வழங்குகின்றன. வெப்பத்தடுப்பு இல்லாத வீட்டில் தகடுகளின் விளைச்சலைக் கூரையின் வெப்பமே விழுங்கிவிடும். ஆதலால் இந்த வரிசை மாறலாகாது.

அடுத்த முறை கடன் விண்ணப்பத்துடன் வங்கிக் கிளைக்கு வரும்போது, ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி வாருங்கள்: மாதத் தவணை, எதிர்பார்க்கும் ஆண்டு யூனிட், இன்றைய கட்டண வீதத்தில் அதன் தொகை. மூன்றும் சேர்ந்த சுமையை உங்கள் வருமானம் தாங்குமெனில், அவ்வீடு உங்களுக்கு ஏற்றதே.