‘எண்டர்பிரைஸ்’, ‘சென்டிரியான் பெர்ஹாட்’: தொழில் நொடித்தால் கடன் யார் தலையில்?

சிம்பாங் ரெங்கம் பட்டணத்தில் கடைப் பலகைகளைக் கவனித்துப் பாருங்கள். சிலவற்றில் ‘எண்டர்பிரைஸ்’ என்றிருக்கும், சிலவற்றில் ‘சென்டிரியான் பெர்ஹாட்’. பெயர்தானே என்று விட்டுவிடாதீர்கள். தொழில் நொடித்தால் கடனை யார் கட்டுவது என்பது அதில்தான் இருக்கிறது.

தனியுரிமை, கூட்டுத் தொழில்

வீட்டில் கேக் செய்து விற்கிறீர்களா? பசார் மாலாமில் கடை போடுகிறீர்களா? 1956 வணிகப் பதிவுச் சட்டப்படி, தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்-மில் பதிய வேண்டும். சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60 ரிங்கிட்.

சுலபம்தான். ஆனால் சட்டத்தின் பார்வையில் நீங்களும் கடையும் ஒன்று. கடைக் கடனுக்காக உங்கள் கார், வீடு வரைக்கும் போகலாம். நண்பரோடு கூட்டுச் சேர்ந்தால், கடைக்காக அவர் வாங்கும் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு.

சென்டிரியான் பெர்ஹாட்

இங்கே நிறுவனம் தனி ஆள் மாதிரி. நஷ்டம் வந்தால் போட்ட முதல் போகும், வீடு போகாது. 2016 நிறுவனச் சட்டத்தின்கீழ் ஒருவரே தொடங்கலாம். பதிவுக் கட்டணம் 1,000 ரிங்கிட். நிறுவனச் செயலாளர், ஆண்டுக் கணக்கு என்று செலவு தொடரும்.

ஒன்று கவனியுங்கள்: வங்கிக் கடனுக்கு நீங்கள் சொந்த உத்தரவாதக் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

பெர்ஹாட்

‘சென்டிரியான்’ இல்லாமல் வெறும் ‘பெர்ஹாட்’ என்றால் பெரும்பாலும் பொது நிறுவனம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டால், பொதுமக்களிடமே முதல் திரட்டலாம். செம்பனைத் தோட்டங்களை நடத்தும் எஸ்டி கத்ரி இந்த வகை.

கூட்டுறவு

தோட்ட ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அதற்குப் பதிலாக 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டுதான்.

நாட்டுக்கு என்ன?

பெரிய நிறுவனங்கள் ஆலை கட்டுகின்றன, ஏற்றுமதி செய்கின்றன. ஆனால் 2023-இல் மலேசியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 39.1 விழுக்காடு குறு, சிறு, நடுத்தரத் தொழில்களிலிருந்து வந்தது. வேலையில் இருப்போரில் ஏறக்குறைய பாதிப் பேர் அங்கேதான்.

கடன் வாங்காமல் சின்னதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் தனியுரிமையே போதும். கடன், கூட்டாளி, பெரிய ஒப்பந்தம் என்று பேச்சு வந்தால், கையெழுத்துக்கு முன்பே சென்டிரியான் பெர்ஹாட்டுக்கு மாறுவது பற்றி யோசியுங்கள்.