போலரைசர் போட்டால் பொய்யா?

படத்துக்குக் கீழே ‘நோ ஃபில்டர்’ என்று எழுதிவிட்டால் போதும், ஏதோ கோர்ட்டில் சத்தியம் செய்த மாதிரி ஆகிவிடுகிறது. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்ததும் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று வரிசையாகப் படங்கள் வரும். பாதிக்கு மேல் இந்த முத்திரையோடுதான் வரும். இதை எழுதுகிறவர்கள் மனதில் இருக்கிற ஃபில்டர் வேறு. ஃபோனில் விரலால் தள்ளித் தள்ளி மாற்றுகிறோமே, மஞ்சள் பூச்சு, நீலப் பூச்சு, அது. லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டுகிற கண்ணாடிக்கும் அதே பெயர் இருந்து தொலைத்ததால் அதுவும் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறது.

அந்தக் கண்ணாடிக்காகத்தான் இன்று வக்காலத்து.

காரணம் இருக்கிறது. போன சீசனில் ஒரு புகைப்படப் போட்டி. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். விதிமுறையில் ஒரு வரி: ஃபில்டர் பயன்படுத்திய படங்கள் ஏற்கப்படாது. ஐந்தருவிக்குப் போகிற வழியில் எடுத்த ஈரப்பாறைப் படம் ஒன்றை அனுப்பி, போலரைசர் போட்டு எடுத்தது என்று நானே எழுதியும் இருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. பரிசு வாங்கிய படத்தைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. அருவி நிறையத் தண்ணீர், அதற்கு மேலே ராஜஸ்தான் வானம் மாதிரி பளிச்சென்று நீலம். கீழே பாறையில் ஒரு பொட்டு நிழல் இல்லை! வெயில் அடிக்கிற வானம், நிழலே விழாத பாறை. அந்த வானம் வேறு எங்கிருந்தோ வந்தது என்று கண்டுபிடிக்க ஷெர்லாக் ஹோம்ஸ் வரவேண்டியதில்லை. 2020லிருந்து ஃபோட்டோஷாப்பிலேயே வானத்தை மாற்றுவதற்கென்று தனியாக ஒரு வசதி இருக்கிறது. லென்ஸில் கண்ணாடி மாட்டவில்லை, அதனால் விதிப்படி ‘ஃபில்டர் இல்லாத’ படம். என்ன ஒரு நியாயம்!

சரி, இந்தக் கண்ணாடி அப்படி என்னதான் செய்கிறது? பிளஸ் டூ இயற்பியலில் ‘தளவிளைவு’ என்று ஒரு பாடம் படித்தோமே, நினைவிருக்கிறதா? புரூஸ்டர் விதி, நிக்கோல் பட்டகம், ஐந்து மதிப்பெண் கேள்வி... மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்தாயிற்று. போலரைசரின் வேலை மொத்தமும் அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. சூரிய ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. தண்ணீர், கண்ணாடி, இலை மாதிரிப் பரப்புகளில் பட்டுத் தெறிக்கும்போது ஒரு திசையின் அதிர்வு மட்டும் தூக்கலாகிவிடும். தண்ணீர்ப் பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்த்தால் (பாடப் புத்தகக் கணக்கில், செங்குத்துக் கோட்டிலிருந்து 53 டிகிரி) தெறித்து வருகிற ஒளி கிட்டத்தட்ட முழுவதும் ஒரே தளத்தில் அதிரும். கண்ணாடியைத் திருகி அந்தத் தளத்தை அடைத்தால் பளபளப்பு அணைந்துவிடும். பித்தளைக் குடத்தின் பளபளப்பு மட்டும் என்ன திருகினாலும் அணையாது, உலோகம் இந்த ஆட்டத்துக்கு வராது.

இதில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வந்த ஒளியில் ஒரு பங்கை வாசலிலேயே நிறுத்துகிறோம், அவ்வளவுதான்.

எங்கள் வடகரையில் கார் நடவு முடிந்த வயலை வரப்பில் நின்று பாருங்கள். நாற்று விரல் நீளம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகம் மூடிய வானம் அப்படியே தண்ணீரில் விழுந்து, வயல் முழுக்க வெள்ளைத் தகரம் விரித்த மாதிரி இருக்கும். போலரைசரைக் கால் சுற்று திருப்பினால் தகரம் மறைந்து சேறு தெரியும், நாற்றின் அடித்தூர் தெரியும், ஊர்கிற நத்தைகூடத் தெரியும். இதில் எது பொய், தகரமா சேறா? ரெண்டும் அங்கேதான் இருக்கிறது. எதைக் காட்டுவது என்று எடுக்கிறவன் தேர்ந்தெடுக்கிறான். இடது பக்கம் நிற்பதா வலது பக்கம் நிற்பதா என்று தேர்ந்தெடுப்பதைவிட இது எந்த விதத்தில் பெரிய குற்றம்?

கண்ணாடியை ஆதரிக்கிறவர்களிடமும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. போலரைசர் நீல வானத்தைக் கருநீலமாக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு, மேகம் போட்டதும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். மேகத்தின் வெள்ளையில் போலரைசருக்கு வேலையில்லை என்பது சரிதான். நீல வானத்தில்கூட சூரியனுக்கு 90 டிகிரி தள்ளியிருக்கிற பட்டையில்தான் முழு வேலையும் நடக்கும். காலையில் பண்பொழி திருமலைக் கோயில் மேல் நின்று மேற்கே மலையைப் பார்த்து எடுத்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், வானத்தில் பெரிய மாற்றம் தெரியாது. வடக்கேயோ தெற்கேயோ திரும்பினால்தான் தெரியும். அதிலும் 18 மி.மீ. மாதிரி அகல லென்ஸ் போட்டால் வானத்தின் நடுவில் மட்டும் கறுப்பாகத் திட்டு விழுந்து அசிங்கமாக இருக்கும்.

ஆனால் குற்றாலத்தில் சீசன் நேரத்தில் வானம் யாருக்கு வேண்டும்? இலை நனைந்திருக்கிறது, பாறை நனைந்திருக்கிறது, மரப்பட்டை, படிக்கட்டு எல்லாம் நனைந்திருக்கிறது. ஒவ்வொரு ஈரப்பரப்பின் மேலும் வெள்ளை வானத்தின் சாயல் மெல்லிசாக ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்த காடு படத்தில் சாம்பல் பூத்து வருவதற்கு அதுதான் காரணம். அந்தத் தோலை உரித்தால் உள்ளே இலையின் நிஜப் பச்சை. நம் கண் தலையை அசைத்து அசைத்துப் பார்த்து, மூளை பளபளப்பைத் தள்ளிவிட்டுப் பச்சையை எடுத்துக்கொள்கிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம். அதற்கு உதவி தேவைப்படுகிறது.

‘கண்ணாடி போட்டுப் பார்ப்பது உண்மையில்லை’ என்கிறவர்களுக்குத் திருவானைக்காவலில் பிறந்த ஒருவரை ஞாபகப்படுத்துகிறேன். சர் சி.வி. ராமன். 1921ல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்பது அன்று ராலே போன்ற பெரிய தலைகளின் கருத்து. ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை எடுத்துக்கொண்டு கப்பல் தளத்துக்குப் போனார். நாம் படித்த அதே நிக்கோல் பட்டகம்தான், வேலை அளவில் போலரைசரின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே புரூஸ்டர் கோணத்தில் கடலைப் பார்த்து, நீர்ப்பரப்பில் தெறிக்கிற வானத்தை அணைத்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது! கடலின் நீலம் கடலுக்குள்ளிருந்தே, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது என்று நேச்சர் இதழுக்கு எழுதினார். அங்கிருந்து தொடங்கிய சிதறல் ஆராய்ச்சிதான் 1928ல் ராமன் விளைவுக்கும் 1930ல் நோபலுக்கும் போய்ச் சேர்ந்தது. வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுக் கடல் என்றார்கள். கடலைப் பார்த்தவர் ஃபில்டர் வைத்திருந்தவர்.

அடுத்த கட்சி, ‘அதெல்லாம் எதுக்குலே மக்கா, எடுத்துட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்’ கட்சி. என் வகுப்பில் இவர்கள்தான் மெஜாரிட்டி. இவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. கேமராவின் சென்சார் பதிவு செய்வது எவ்வளவு ஒளி, என்ன நிறம், அவ்வளவுதான். எந்தத் தளத்தில் அதிர்ந்து வந்த ஒளி என்பது கோப்பில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. (தொழிற்சாலைகளில் பயன்படுகிற சில தனி ரக சென்சார்கள் உண்டு. உங்கள் பையில் இருப்பது அது இல்லை.) இலையின் பச்சையும் அதன் மேல் விழுந்த வானத்தின் வெள்ளையும் கலந்து ஒரே எண்ணாகப் பதிவான பிறகு, எது எவ்வளவு என்று எந்த மென்பொருள் பிரிக்கும்? பச்சையைக் கூட்டலாம். அப்போது இலையோடு சேர்ந்து பாசி பச்சையாகும், பக்கத்தில் நிற்பவரின் வேட்டிக் கரையும் பச்சையாகும். சேற்றுக்கு மேலே வெள்ளைத் தகரமாய்ப் பதிவான தண்ணீரில் சேற்றைக் காட்டச் சொன்னால் மென்பொருள் சேற்றை வரைந்துதான் ஆகவேண்டும். 2023ல் ஒரு பிரபல ஃபோன் நிலாவில் இல்லாத நுணுக்கங்களைத் தானே சேர்க்கிறது என்று உலகமே கத்தியது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கதைதான்.

கிராஜுவேட்டட் ஃபில்டர் விஷயத்தில் மட்டும் அந்தக் கட்சிக்குப் பாதி மார்க் போடுகிறேன். மேல் பாதி சாம்பல், கீழ் பாதி தெளிவு. பளீரென்ற வானத்தின் ஒளியை ரெண்டு மூன்று ஸ்டாப் குறைத்து, இருண்ட நிலத்தோடு சமப்படுத்துகிற கண்ணாடி அது. அது குறைப்பது ஒளியின் அளவை மட்டும்தான். அளவு கோப்பில் இருக்கிறது, வானம் முழுக்க வெளுத்துப் போகாத வரை பிறகும் சரிசெய்யலாம். ரெண்டு படம் எடுத்து ஒட்டலாம் (காற்றில் ஆடுகிற தென்னைக்கு மூன்று தலை முளைக்கும், அது உங்கள் பாடு). அதுவும் நம் ஊருக்கு அந்தக் கண்ணாடி ஒத்துவராது. அது ராமேஸ்வரம், கன்னியாகுமரி மாதிரி அடிவானம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட இடங்களுக்கு. இங்கே மேற்கே பார்த்தால் திரிகூட மலை வானத்துக்குள் குத்திக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியின் கோட்டுக்கு மேலே இருக்கிற மலை உச்சியும் சேர்ந்து கறுத்துப் போகும். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் நின்று, மலை தூரத்தில் தாழ்வாகத் தெரிகிற இடத்திலிருந்து, விளிம்பு மென்மையான ரகத்தைப் போட்டு எடுத்தால் ஓரளவு தேறும்.

நிறம் பூசிய கிராஜுவேட்டட் இருக்கிறதே, புகையிலை நிறம், ஆரஞ்சு நிறம், அதற்கு நான் வக்கீல் இல்லை. 80, 90களின் பாட்டுகளில் நாயகி வெள்ளை வெயிலில் ஓடுவார், மேலே வானம் மட்டும் செக்கச்செவேலென்று இருக்கும். ஹாலிவுட்டில் 1986ல் வந்த டாப் கன் படத்திலும் இதே சங்கதிதான். சினிமாவுக்கு அது ஓகே, கற்பனை என்று சீட்டு வாங்கித்தான் உள்ளே போகிறோம். ‘நேற்று எங்கள் ஊர்’ என்று போடுகிற படத்துக்கு ஓகே இல்லை. கண்ணாடியா மென்பொருளா என்பதில் கோடு போடாதீர்கள். இருந்த ஒளியில் கழித்ததா, இல்லாத ஒளியைச் சேர்த்ததா என்பதில் போடுங்கள். 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் கீசா பிரமிடுகளை நகர்த்தி நெருக்கி வைத்தார்களே, அதற்கு எந்தக் கண்ணாடியும் தேவைப்படவில்லை.

‘ஒரு வானத்தை மாத்தினதுக்கா இவ்வளவு குதி?’ என்பீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மலைக்கு மேலே பெய்கிற மழை கீழே குளிக்கிறவருக்குத் தெரிவதில்லை. அவருக்குக் கிடைக்கிற அறிகுறிகள் ரெண்டு மூன்றுதான்: மலைத் தலையில் கறுப்பு மேகம், கலங்கி வருகிற தண்ணீர், அதில் சருகும் சுள்ளியும். பரிசுப்படக்காரர்கள் முதலில் கை வைப்பது சரியாக இவற்றில்தான். மேகத்தை எடுத்துவிட்டு நீலம், செம்மண் நிறத்தை எடுத்துவிட்டுப் பால் வெள்ளை. முழு வெள்ளமும் தெளிந்த வானமும் சேர்ந்ததுதான் குற்றாலம் என்று வெளியூர்க்காரர் மனதில் பதிகிறது. அவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளோடு வண்டி ஏறுகிறார். ஒரு படம்தான் ஆளைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அருவி எப்போது ஆபத்தாக மாறும் என்பதை முகத்தில் எழுதிக் காட்டுகிறது, அந்த எழுத்தை அழித்துவிட்டுப் பரிசு வாங்காதீர்கள் என்கிறேன்.

போலரைசரும் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. அருவிச் சாரலில் விழுகிற வானவில்லின் ஒளியும் தளவிளைவு அடைந்த ஒளிதான். கண்ணாடியை ஒரு பக்கம் திருப்பினால் வில் பளிச்சென்று நிற்கும், கால் சுற்று திருப்பினால் துண்டாகக் காணாமல் போகும். அதைவிட முக்கியம், தேங்கிய தண்ணீரின் பளபளப்பை எடுத்துவிட்டால் அடிமணல் தெரியும். ஏற்கெனவே ஒளிவிலகலால் முக்கால் பங்கு ஆழமாகத் தெரிகிற தண்ணீர் முழங்கால் அளவுதான் போல இருக்கிறது என்று தோன்றவைக்கும். செண்பகாதேவி மாதிரி இடத்தில் அப்படி எடுத்துப் போட்டால் நானே என் கட்சிக்கு எதிராகச் சாட்சி சொல்வேன். ஒன்றரை முதல் ரெண்டு ஸ்டாப் ஒளியையும் அது தின்றுவிடும். மர நிழலில் ஷட்டர் வேகம் இறங்கி, அருவி பட்டுத்துணியாகிவிடும். (அருவியைப் பாலாக்குகிற அந்த ஃபேஷன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அது இன்னொரு நாளைக்கு.)

அடுத்த சீசன் போட்டிக்கு விதி எழுதப் போகிறவர்களுக்கு: ‘ஃபில்டர் கூடாது’ என்ற வரியை அடித்துவிட்டு, கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். என்ன கண்ணாடி மாட்டினோம், பிறகு என்ன செய்தோம் என்று ரெண்டு வரி எழுதி வாங்குங்கள். அந்த ராஜஸ்தான் வானத்துக்காரர் மூலக் கோப்பை எப்படி அனுப்புகிறார் என்று நானும் பார்க்கிறேன் :-)